பிறப்பு, திருமண அறிவிப்புகள் (மல்லாங்கிணறு வட்டாரம்)

குடும்ப நிகழ்வுகளை ஊரறியச் சொல்வதற்காக நாளிதழ், வார இதழ், அழைப்பிதழ் ஆகியவற்றில் அச்சான செய்திகளே பிறப்பு, திருமண அறிவிப்புகள். பாட்டன் பூட்டன் காலத்து ஆட்களைத் தேடுவோருக்கு இவை நாளையும் ஊரையும் உறவையும் காட்டித் தரும். ஐரோப்பியருக்கு இந்த வேலை எளிது. சென்னையில் 1785-இல் தொடங்கிய 'மெட்ராஸ் கூரியர்' காலம் முதல் ஆங்கில ஏடுகள் அவர்கள் வீட்டுப் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் இடம் ஒதுக்கின. கரிசல் காட்டுச் சம்சாரி வீட்டில் பிள்ளை பிறந்ததை அப்படி யாரும் அச்சில் போட்டதில்லை. கண்பட்டுவிடும் என்ற பயம் வேறு. பிறந்த நேரத்தைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்துவைப்பார்கள். பிறகு ஜாதகம் எழுதுவார்கள். இந்தப் பக்கம் 'பத்திரிகை' என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கல்யாணப் பத்திரிகைதான்.

தேடத் தொடங்குமுன் ஊரின் பழைய முகவரி தெரிய வேண்டும். மல்லாங்கிணறு இன்று விருதுநகர் மாவட்டத்துப் பேரூராட்சி. 1985-இல் மாவட்டம் பிரியும் முன் 'இராமநாதபுரம் ஜில்லா' என்றே அச்சாகியிருக்கும். 'மல்லாங்கிணர்' என்றும் எழுதுவார்கள். பக்கத்து விருதுநகர் 1923 வரை விருதுபட்டி.

இந்த வட்டாரத்தில் ஒரு திருமணம் நாடறிந்த செய்தியானது. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில் நடந்த திருமணமே முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்லப்படுகிறது. ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. அதற்குப் பிறகு நடந்த இத்தகைய திருமணங்கள் பெரியார் 1925-இல் ஈரோட்டில் தொடங்கிய 'குடி அரசு' இதழில் செய்தியாயின: எந்த ஊர், யார் தலைமை, யார் வாழ்த்திப் பேசினார்கள் என்ற விவரங்களுடன். இன்னார் கல்யாணத்தை முன்னிட்டு இவ்வளவு நன்கொடை என்ற ஒற்றை வரிகளையும் சுயமரியாதை இயக்க ஏடுகளில் தேட வேண்டும். விளம்பரத்துக்குக் காசு கொடுக்க முடியாத குடும்பத்தின் பெயர்கூட அங்கே சிக்கும்.

அந்தச் செய்திகளுக்கு இன்னொரு கனமும் உண்டு. புரோகிதர் இல்லாத திருமணம் சட்டப்படி செல்லுமா என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அண்ணா ஆட்சியில், 1967-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம்தான் முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. 1928-க்கும் 1967-க்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் கல்யாணம் நடந்தது என்பதற்கு ஊரார் சாட்சி. அச்சில் சாட்சி அந்த இதழ். அருப்புக்கோட்டையிலிருந்தே 1919 முதல் வெளிவந்த 'நாடார் குல மித்திரன்' போன்ற சமூக இதழ்களையும் விடாமல் புரட்ட வேண்டும்.

இனி அழைப்பிதழ். பழைய வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் ஒன்றைக் கையில் எடுத்தால் நான்கு மூலையிலும் மஞ்சள் கறை, தலையில் பிள்ளையார் சுழி, அடுத்து 'விபவ ௵ வைகாசி ௴'. அந்தச் சுழித்த குறிகள் வருடத்துக்கும் மாதத்துக்கும் உரியவை. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். விபவ வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1868, 1928, 1988. ஆங்கிலத் தேதி இல்லாத பத்திரிகையில் கிழமையையும் திதியையும் வைத்துத்தான் எந்தச் சுற்று என்று தீர்மானிக்க முடியும். பிள்ளையார் சுழியும் முகூர்த்த லக்கினமும் இல்லாமல் 'தலைமை' என்று ஒரு பெயர் இருந்தால், அந்த வீட்டில் யாரோ இயக்கத்துக்காரர் இருந்திருக்கிறார்.

முதலெழுத்தும் ஏமாற்றும். 'ம.' என்பது தகப்பனார் மருதமுத்துவாகவும் இருக்கலாம், மல்லாங்கிணறாகவும் இருக்கலாம். மணமக்கள் பெயரைவிட, கீழே பொடி எழுத்தில் வரும் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் பட்டியல்தான் எனக்குப் பெரிய சொத்து. பல பத்திரிகைகளில் பெண்ணின் தாய் பெயர் இருக்காது. தாய்மாமன் பெயரைப் பிடித்துத்தான் அந்தத் தாய் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

பிறப்புக்கு அரசுப் பதிவேடு உண்டு. 1899-இலேயே சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தது. கிராமங்களில் முன்சீப்தான், 1980-இல் அந்தப் பதவி ஒழியும் வரை, பதிவேட்டை எழுதினார். அதில் 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிட்ட வரிகள் உண்டு. எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2009-இல்தான் வந்தது. தமிழ்நாடு அரசிதழின் பெயர் மாற்ற அறிவிப்புகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய பெயர், புதிய பெயர், பிறந்த நாள், பிறந்த மாவட்டம், தகப்பன் அல்லது கணவன் பெயர் எல்லாம் ஒரே பத்தியில் இருக்கும். நாளிதழின் கண்ணீர் அஞ்சலியில் 'தோற்றம்' என்ற சொல்லுக்குக் கீழே உள்ள தேதியும் பிறந்த தேதிதான்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களோடு அழைப்பிதழ்களும் சேர்க்கப்பட்டுள்ளன. கொழும்புக்கோ மலேயாவுக்கோ போன கிளையைத் தேடுவோர் 'வீரகேசரி' (1930), 'தமிழ் நேசன்' (1924), 'தமிழ் முரசு' (1935) ஆகியவற்றைப் பார்க்கலாம். 'தமிழ் முரசு' சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பிலேயே கிடைக்கிறது. 1942-இல் மதுரையில் பிறந்த 'தினத்தந்தி'யைத் தேடும்போது எந்த ஊர்ப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மதுரைப் பதிப்பு விளம்பரம் சென்னைப் பதிப்பில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எதுவும் அகப்படாதவர்களுக்கு மொய் நோட்டு இருக்கிறது. அது அறிவிப்பு அல்ல, அறிவிப்பைப் பார்த்து வந்தவர்களின் கணக்கு. வரிசையாக ஊர், பெயர், பதினொன்று, ஐம்பத்தொன்று என்று தொகை. கட்டிக்கொடுத்த அத்தைகள் அதில் தங்கள் பெயரில் இல்லை. காரியாபட்டி என்றோ திருச்சுழி என்றோ தலைப்பிட்ட பக்கத்தில், மாமாக்களின் பெயரில் இருக்கிறார்கள்.