கற்றல் இடமாற்றம்: கற்பிட்டிக் கடலில்

ஒரு விளையாட்டில் பழகிய கையும் கண்ணும் இன்னொன்றைப் பழகும்போது துணைக்கு வருவதும், சிலவேளை குறுக்கே நிற்பதும் கற்றல் இடமாற்றம் எனப்படும். துணைக்கு வந்தால் நேர் இடமாற்றம். குறுக்கே நின்றால் எதிர் இடமாற்றம். ஒன்றில் கெட்டிக்காரன் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் பிழை.

புத்தளம் மாவட்டத்தில் இதைக் கண்ணெதிரே காணக்கூடிய இடம் கற்பிட்டிக் குடாநாடு. ஒருபுறம் இந்து சமுத்திரம், மறுபுறம் புத்தளம் களப்பு. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் ஒக்டோபர் வரையும், வாடைக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் வரையும் இங்கே கைட் சர்ஃபிங் நடக்கிறது. இருபது மீற்றருக்கும் மேல் நீளமான கயிறுகளில் பறக்கும் பெரிய பட்டத்தை இடுப்புப்பட்டியில் கொளுவி, 'பார்' எனும் கைச்சட்டத்தால் திருப்பி, பலகையில் நின்று நீர்மேல் விரையும் விளையாட்டு இது. வெளிநாட்டவர் கொண்டுவந்த இதைக் கற்று, உள்ளூர் இளைஞர்கள் சிலர் பயிற்றுநர்களாகவே ஆகிவிட்டார்கள்.

கடல்தொழில் தெரிந்தவனுக்கு இங்கே பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். நீர்ப்பரப்பில் கருமை ஓடிவந்தால் அடுத்த வீச்சு வருகிறது என்று அவன் கண் சொல்லிவிடும். பாய்க்கயிற்றை இறுக்கினால் இழுவை கூடும், தளர்த்தினால் குறையும், பாரும் அப்படித்தான். உடலை நோக்கி இழுத்தால் வலு ஏறும், விட்டால் இறங்கும்.

இடர் வருவதும் அதே இடத்தில்தான். படகில் தடுமாறுபவன் கைக்கு அகப்பட்டதை இறுகப் பற்றுவான். அதுதான் அவனைக் காப்பாற்றும். பாரை அப்படிப் பற்றி இழுத்தால் பட்டம் ஆளையே தூக்கி எறியும். வெளியிணைப்பு இயந்திரத்தின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். பாரிலோ வலக்கையை இழுத்தால் பட்டம் வலப்பக்கமே போகும். பல வருடம் படகோட்டிய கைக்கு இது சில நாள் குழப்பம் தரக்கூடும்.

இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவே பயன் கடந்து செல்லும் என்றனர் அமெரிக்க உளவியலாளர்களான எட்வர்ட் தோண்டைக்கும் ரொபர்ட் வூட்வேர்த்தும் (1901). உளவியலாளர் சார்ல்ஸ் ஜட் 1908இல் வேறொன்றைக் காட்டினார். நீருக்கடியில் வைத்த இலக்கை நோக்கிச் சிறுவர்களை அம்பெறியச் செய்தார். ஒரு குழுவுக்கு மட்டும் ஒளி முறிவு கற்பிக்கப்பட்டிருந்தது. 12 அங்குல ஆழத்தில் இரு குழுவும் ஒன்றுபோலவே எறிந்தன. ஆழத்தை 4 அங்குலமாக மாற்றியதும் விதி தெரிந்தவர்கள் விரைவில் குறியைச் சரிசெய்தார்கள். நீருக்குள் நிற்கும் மீனைக் குத்திப் பழகியவருக்கு இது புதிதல்ல: மீன் தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அது நிற்கும். கைப்பழக்கத்தைவிட, அதன் காரணத்தை அறிந்த அறிவு தூரம் போகிறது என்பதே ஜட்டின் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது.

கரையிலும் இப்படித்தான்: மென்பந்து கிரிக்கெட்டிலிருந்து கடினபந்துக்குப் போகும் பிள்ளைக்கும் பந்தைக் கணிக்கும் கண் உதவும். ஆனால் பந்து எழும் உயரமும் விரைவும் மாறுவதால் காலசைவைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

கடலோடிக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கைட் கற்பிப்பவர் காற்றைப் பற்றி நீட்டி விளக்க வேண்டியதில்லை. கரையில் சிறு பயிற்சிப் பட்டத்தைக் கொடுத்து, பயம் வந்த கணத்தில் பாரை விட்டுவிடக் கையைப் பழக்கிய பிறகே அவனை நீரில் இறக்க வேண்டும்.