கொழும்புக் கடையும் ‘முழுதும்’ என்னும் சொல்லும்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடல்கடந்து நடத்திய வட்டிக் கடைகளைப் பற்றிப் பேசுவோர் முதலின் அளவையே முதற்கண் பேசுவர். அக்கடைகளின் ஆட்சி எவ்வூரில் இருந்தது என்னும் வினாவோ வரி மன்றங்களிலேதான் கூர்மையாக எழுந்தது.

1922ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி, வெளிநாட்டுக் கடையின் ஊதியம் பொதுவாகப் பிரிட்டிஷ் இந்தியாவிற்குள் வந்தபோதே வரிக்குட்பட்டது. ஆகவே, ஊருக்கு வந்த உண்டியல் முதலா ஊதியமா என்பதே அன்றைய வழக்கு. 1939ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நிலையை மாற்றியது. இங்கு உறைவோராகக் கருதப்பட்டோர், கொண்டுவராத வெளிநாட்டு ஊதியத்திற்கும், 4,500 ரூபாய் போக, வரி செலுத்த வேண்டியவராயினர். இலங்கையிலோ 1932 முதலே வருமான வரி உண்டு. ஒரே ஊதியத்தின்மேல் இரண்டு அரசுகளின் கை விழுந்தது என்க.

கூட்டுக் குடும்பம் எங்கு உறைகின்றது? அதன் ஆட்சியும் மேற்பார்வையும் ‘முழுதும்’ வெளியில் இருந்தாலன்றி அஃது இங்கு உறைவதே எனச் சட்டம் கூறிற்று. இவ்வொரு சொல்லின் ஆற்றலை 1942-43ஆம் வரி ஆண்டுக்குரிய வழக்கொன்றிற் காண்கின்றோம். குடும்பத் தலைவர் கொழும்பில் மனைவி மக்களுடன் வாழ்ந்து வணிகம் நடத்தியவர். கணக்காண்டில் இந்தியாவில் அவர் தங்கியது 101 நாள். கொழும்புக் கடைக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை வரி அதிகாரிகள் கேட்டனர், அது காட்டப்படவில்லை. இங்கிருந்து கட்டளை எதுவும் செல்லவில்லை என்று மெய்ப்பிக்கும் கடமை அவருடையதே எனக் கொண்டு, 1950 டிசம்பரில் உச்சநீதி மன்றம் வரித்துறைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இல்லாத ஒன்றை இல்லையென நிறுவச் சொல்வது கடுமையே. ஆயினும், முதலாளி ஓரூரிலும் ஆள் வேறூரிலுமாக இயங்கிய வணிகமுறையில் ஆட்சி என்பது கடிதத்திலன்றி வேறெங்கே தங்கும்? பேரேடு கொடுக்கல் வாங்கலைக் காட்டும். ஐந்தொகை இருப்பைக் காட்டும். ‘இவருக்குக் கொடு, அவரிடம் வசூலி’ என்ற ஏவலைக் காட்டுவது கடிதமே. மன்றம் அதனைத் தேடியது பொருத்தமே என்பது எம் கருத்து. செட்டிநாட்டு வீடுகளிற் பழங்கணக்கேடுகளைத் தேடும் ஆய்வாளர், அவற்றோடு கடிதக் கட்டுகளையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

கூட்டுக் குடும்பத்தைப் பொறுத்தவரை, 1961ஆம் ஆண்டின் சட்டமும் அந்த ‘முழுதும்’ என்னும் சொல்லைக் கைவிடவில்லை.