பின்குறி சொல்லும் வித்தியாசம்

நெல்லைப் பாளையங்களில் ஒன்றான பாஞ்சாலங்குறிச்சி 1801 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த கம்பெனிப் பிரகடனம், பாளையத்து மக்கள் ஆயுதம் வைத்திருக்கவே தடை போட்டது. பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கம்பெனிச் சிப்பாயின் தோளில் இருந்தது ‘இந்தியா பேட்டர்ன்’ மஸ்கட். அதன் நகல்கள் இன்று இந்தியப் பட்டறைகளில் தயாராகி, பழைய போர்களை நடித்துக்காட்டும் வெளிநாட்டுக் குழுக்களுக்குப் போகின்றன. மஸ்கட்டுக்குப் பின் வந்த 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிளையோ 1970-களில் பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் மறுபடி செய்தது. எந்த நகல் அசலுக்கு நெருக்கம் என்று பார்க்க நான் முதலில் தேடுவது பின்குறியைத்தான், அதாவது குழலின் பின்பக்கம் குறி பார்க்க வைத்த அமைப்பை.

மஸ்கட்டில் அது கிடையாது. 39 அங்குலக் குழலின் நுனியில் பயனெட்டை மாட்டும் சிறு இரும்புக் கட்டி உண்டு. குறி பார்க்க அது ஒன்றுதான். முக்கால் அங்குல வாயில் அதைவிடச் சிறிய குண்டு தளர்வாக உருண்டு வெளியேறும். நூறு கெஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைப்பது வீண். வரிசையாக நின்று மொத்தமாகச் சுடத்தான் அது. ஆகவே நகல் செய்பவருக்கு வேலை சுலபம். தீ உள்ளே போகும் துளையைக்கூடப் பல பட்டறைகள் போடாமலே அனுப்பிவிடுகின்றன.

என்ஃபீல்டு அப்படியல்ல. அதன் பின்குறியில் 100 முதல் 400 கெஜம் வரை படிகள். அதற்கு மேல் நிமிர்த்தும் ஏணித்தகடு, 900 கெஜம் வரை. குழலுக்குள் மூன்று சுருள் பள்ளங்கள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சுமார் 68 கிரெய்ன் வெடிமருந்து, அதற்கேற்ற குண்டு, இவற்றைக் கணக்கிட்டே அந்த எண்கள் பொறிக்கப்பட்டன. பழைய அளவுகருவிகளை வைத்துச் செய்ததால் பார்க்கர்-ஹேல் குழல் மெச்சத்தக்கது. ஆனால் இன்று பலர் குறைந்த மருந்திட்டு, 50 கெஜத்தில் சுடுகிறார்கள். மிகத் தாழ்ந்த படியே 100-க்கானது என்பதால் குண்டு மேலே போய்விடுகிறது. உயரமான முன்குறி வைத்துச் சரிக்கட்டுகிறார்கள். அப்போது தகட்டின் எண்கள் வெறும் அலங்காரம்தான். அசலை மதிக்கிறவர் மருந்தையும் குண்டையும் பழையபடி சேர்த்துச் சுட்டுப் பார்க்கவேண்டும்.

1974-ல் மறுபடி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில், உரிய அனுமதியோடு, துளையிடாத மஸ்கட் நகல் ஒன்றை வைக்கலாம். குழலோடு கண்ணை ஓட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு, கம்பெனிப் படை ஏன் அத்தனை நெருங்கி வந்து சுட்டது என்பது விளங்கும்.