விகதகுமாரன்: படத்துக்குள்ள விடப்படாத கதாநாயகி

முதலில கதையைச் சொல்லிவிடுறன். திருவிதாங்கூரில ஒரு பணக்கார வீட்டுப் பெடியனை வில்லன் கடத்திக்கொண்டு போறான். எங்க? இலங்கைக்கு. பெடியன் இங்க ஒரு தோட்டத்தில தொழிலாளியாக வளர்கிறான். வெள்ளைக்காரத் துரைக்கு அவனைப் பிடித்துப்போக, கடைசியில் தோட்டத்துக்கே சுப்பிரின்டென்ட் ஆகிறான். (லயத்தில வளர்ந்த ஒருத்தன் அந்தக் காலத்தில துரையாகிறதெண்டால் அது படத்தில மட்டும்தான்.)

இதுதான் 'விகதகுமாரன்', மலையாளத்தின் முதல் படம். ஊமைப்படம். எழுதி, இயக்கி, கமெராவும் பிடித்து, கதாநாயகனாகவும் நடித்தவர் ஜே. சி. டேனியல். அகஸ்தீசுவரத்து வசதியான நாடார் கிறிஸ்தவக் குடும்பம். களரியில் பைத்தியம், அதைச் சனத்துக்குக் காட்டத்தான் சினிமாப் பக்கமே வந்தார். மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் போய்த் தொழில் பார்த்து, காணியை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ போட்டார்.

கதாநாயகி சரோஜினி ஒரு நாயர் பெண். அந்தப் பாத்திரத்துக்கு டேனியல் எடுத்தது பி. கே. ரோசியை. புல்லு வெட்டுற வேலை, இடையில காக்கரிசி நாடகம். புலையர் சாதி.

படம் கபிடோல் தியேட்டரில் ஓடியது (1928 எண்டு சிலர், 1930 எண்டு சிலர்). ரோசி வந்தால் படத்தைத் தொடங்கமாட்டம் எண்டு பெரிய மனிசர் நிண்டதால, தான் நடித்த படத்தையே அவரால பார்க்க முடியேல்ல. நாயகன் நாயகியின்ர தலைப்பூவை முத்தமிடுற காட்சி வந்ததும் திரைக்குக் கல்லெறி. ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாக நிற்கிறதை அவையால தாங்க ஏலாமல் போச்சு. பிறகு ரோசியின்ர குடிசையை எரித்தார்கள். அவர் ஒரு லொறியில் ஏறித் தப்பினார். அந்த லொறிக்காரரையே கலியாணம் கட்டி, நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் எண்ட பேரில வாழ்ந்தார். மற்றப் படமே இல்லை.

டேனியலுக்கும் அதுதான் கடைசிக் கதைப்படம். கடன், ஸ்டூடியோச் சாமான் எல்லாம் போச்சு. பிறகு பல் வைத்தியம் செய்து பிழைத்தார். படச்சுருளைச் சின்னப் பிள்ளையாயிருந்த மகன் விளையாட்டாகக் கொளுத்திவிட்டான். வயதுபோன காலத்தில கேரளத்திடம் உதவி கேட்டபோது, நீர் இருக்கிறது தமிழ்நாட்டில எண்டு பதில். 1975இல் அகஸ்தீசுவரத்தில் இறந்தார். 1992இல் அதே கேரளம் அவர் பேரில விருது தொடங்கியது.

டேனியலைப் பற்றி 2013இல் கமல் எடுத்த 'செல்லுலாயிட்' நல்ல படம், கட்டாயம் பாருங்கோ. எனக்கு அதில ஒரு குறை. ரோசி ஓடினதோட கமெராவும் டேனியலோட போய்விடுகுது. கேரளத்துப் பெண் சினிமாக் கலைஞர்கள் 2019இல் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். அதுக்கு அவை வைத்த பேர் பி. கே. ரோசி.