திருப்பியனுப்பப்பட்ட பதக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே போர்வீரன் ஒருவன் அடையத்தக்க விருதுகளுள் தலையாயது கௌரவப் பதக்கம். அதனைப் பெற்றவர்களிற் பலர் அதை மார்பில் அணிய உயிரோடிருந்தாரில்லை. அத்தகைய பதக்கம் கைக்கு வந்தபோது, அதற்குரிய செயல் எதனையும் தாம் செய்யவில்லையென்று கூறித் திருப்பியனுப்பிய ஒருவர் இருந்தார். மேலிடமோ அதனை மீளப் பெற மறுத்தது. பதக்கத்தை வைத்துக்கொள்ளல் வேண்டும். அதுமட்டுமன்று, அணியவும் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. பணிந்து நடப்பதே படைவீரனின் கடமையாதலால் அவரும் அணிந்துகொண்டார். அவர் பெயர் ஸ்மெட்லி பட்லர். மரீன் படையின் சேனாதிபதிகளுள் ஒருவர்.

மரீன் படையென்பது போர்க்கப்பல்களிலே சென்று, வேண்டிய இடத்திற் கரையிறங்கிப் போர்புரியும் பட்டாளமாகும். பட்லர் அதிற் சேர்ந்த வரலாறே விந்தையானது. 1881 ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்து வெஸ்ட் செஸ்டர் நகரில், போரைப் பாவமெனக் கொள்ளும் குவேக்கர் குடும்பமொன்றிலே அவர் பிறந்தார். தந்தையார் தோமஸ் பட்லர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கத்தவராயிருந்தவர். 1898 இல் ஸ்பெயினோடு போர் மூண்டது. பதினாறே வயதான மைந்தன் தன் வயதைக் கூட்டிச் சொல்லி இரண்டாம் லெப்டினன்ட் பதவி பெற்றுக் கியூபாவுக்குக் கப்பலேறினான்.

இரண்டு ஆண்டுகளின் பின், 1900 இல், சீனதேசத்தில் பொக்சர் கிளர்ச்சி எழுந்தது. தியென்சின் நகரை மீட்கும் போரிலே, காயமுற்று வீழ்ந்த தோழரொருவரைக் காப்பாற்ற முயன்ற பட்லரின் தொடையிற் குண்டு பாய்ந்தது. அக்காலத்தில் மரீன் படையின் உத்தியோகத்தர்களுக்குக் கௌரவப் பதக்கம் வழங்கும் வழக்கமில்லை. சாதாரண வீரர்களுக்கே அது உரியது. எனவே பட்லருக்குக் கப்டன் என்ற பதவிப்பேறே பரிசாயிற்று. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது நிரம்பும் தறுவாய். அச்செயலுக்கான பதக்கம் பின்னர் 1921 இலேதான் உருவாக்கப்பட்டது. அதனைப் பெற்றவர்கள் இருபதின்மரே.

அதன்பின் ஹொண்டுராஸ், நிக்கராகுவா, பனாமா என்று அவருடைய சேவை தொடர்ந்தது. 1914 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் மெக்சிக்கோவின் வெரா குரூஸ் துறைமுகத்தைக் கைப்பற்றின. இரண்டே நாட் சண்டை. அதற்காக வழங்கப்பட்ட கௌரவப் பதக்கங்களோ 56. அள்ளி வீசியதென்றே சொல்லலாம். உத்தியோகத்தர்களும் பெறலாமென்று 1915 இல் விதி மாறியபின் கிடைத்த அப்பதக்கங்களுள் ஒன்றையே பட்லர் திருப்பியனுப்பினார். சீனத்திற் குண்டடிபட்டவருக்கு இவ்விருதின் மதிப்புத் தெரிந்திருந்தது போலும்.

இரண்டாவது பதக்கத்தின் கதை வேறு. 1915 இல் ஹெயிட்டித் தீவில் அமெரிக்கப் படைகள் இறங்கின. அந்நிய ஆட்சியை எதிர்த்து மலைநாட்டு மக்கள் ஆயுதமேந்தினர். அவர்கள் 'காக்கோ' எனப்பட்டனர். அவர்களது இறுதிப் புகலிடம் மலையுச்சியிலிருந்த ரிவியேர்க் கோட்டை. நவம்பர் 17 ஆந் திகதி பட்லரின் படை அதனைச் சூழ்ந்தது. வாயில் கல்லால் அடைக்கப்பட்டிருந்தது. சுவரின் அடியிலே நீர் வடிந்தோடும் ஒடுங்கிய துவாரம் ஒன்றே வழி. அதன் மறுமுனையிலே துவக்கோடு ஒருவன் காவல். ஒருவர் பின் ஒருவராய்த் தவழ்ந்து செல்வதைத் தவிர வேறு உபாயமில்லை. அவ்வேளை தமது கால்கள் தயங்கியதைப் பட்லர் பிற்காலத்தில் மறைக்காது ஒப்புக்கொண்டார். முதலில் நுழைந்தவர் சார்ஜன்ட் றொஸ் அயம்ஸ், அவர் பின்னே சாமுவேல் குறொஸ் என்னும் வீரர், மூன்றாமவரே பட்லர். மூவரும் பதக்கம் பெற்றனர்.

கோட்டைக்குள்ளே நிகழ்ந்ததைப் போரென்பதிலும் படுகொலையென்பதே பொருந்தும். ஐம்பது பேர் வரையிலான காக்கோக்கள் மாண்டனர். மரீன்களில் ஒருவரேனும் இறந்திலர். துவக்கைக் கையாளப் பழகாத பலர் கல்லும் தடியுங் கொண்டே எதிர்த்தனர். பின்னர் கோட்டையும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

போர் முடிந்ததும் ஹெயிட்டியின் புதிய காவற்படைக்குப் பட்லரே தலைவரானார். வீதிகள் அமைந்தன, ஆனால் அவற்றை அமைத்த குடியானவர்கள் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டவர்கள். 1917 இல் ஹெயிட்டியின் தேசிய சபை, அந்நியர் நிலம் வாங்க இடந்தரும் அரசியல் யாப்பை ஏற்க மறுத்தது. காவற்படையோடு சென்று அச்சபையைக் கலைத்தவரும் பட்லரே. அவருடைய வாழ்க்கையைச் சொல்பவர்கள் பதக்கத்தை மட்டுஞ் சொல்லி இதனை விட்டுவிடுதல் நேர்மையாகாது.

முதலாம் உலக யுத்தத்திலே முன்னணிக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 1918 இல் பிரிகேடியர் ஜெனரல் பதவியோடு பிரான்சின் பிறெஸ்ற் துறைமுகத்தையடுத்த பொன்ரனெசென் முகாம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. முழங்காலளவு சேறும், விஷக் காய்ச்சலும், ஆயிரக்கணக்கான வீரரும் நிறைந்திருந்த இடமது. துறைமுகக் கிடங்கிலே குவிந்து கிடந்த மரப்பலகைச் சட்டங்களைக் கண்ட பட்லர், தாமும் ஒன்றைத் தோளிற் சுமந்து முன்னே நடந்தார், படையினர் பின்தொடர்ந்தனர். சேற்றின்மேல் நடைபாதை எழுந்தது. அமெரிக்கத் தரைப்படை, கடற்படை ஆகிய இரண்டினதும் சிறந்த சேவைப் பதக்கங்களும், பிரான்சின் கருநட்சத்திர விருதும் அவரை வந்தடைந்தன. ஒருவரையுங் கொல்லாது பெற்ற விருதுகள் இவை.

1929 இல் மேஜர் ஜெனரலாக உயர்ந்த அவருக்கு மரீன் படையின் தலைமை கிடைக்கவில்லை. 1930 இல் அப்பதவி வெற்றிடமானபோது, அவரிலுங் கீழ்நிலையிலிருந்த பென் புல்லர் நியமனம் பெற்றார். நாவடக்கம் பட்லரின் குணங்களுள் ஒன்றன்று. 1931 சனவரியில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவில், இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியின் மோட்டார் வண்டி ஒரு குழந்தையை மோதிவிட்டு நில்லாது சென்றதாகத் தாம் கேள்வியுற்ற கதையைச் சொன்னார். இத்தாலி கண்டனந் தெரிவித்தது. அமெரிக்க அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. பட்லர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். பத்திரிகைகளும் மக்களும் அவர் பக்கம் நிற்கவே, இராணுவ நீதிமன்ற விசாரணை கைவிடப்பட்டு இலேசான கண்டிப்போடு விடயம் முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் இளைப்பாறினார்.

இதன்பின்னரே அவர் வாழ்வின் வியப்பான பகுதி தொடங்குகிறது. 1932 இல் தமக்குரிய போனஸ் பணத்தைக் கோரி வாஷிங்டனில் கூடாரமடித்த பழைய படைவீரர்களிடம் நேரே சென்று ஆதரவு தெரிவித்தார். 1934 இல், ஜனாதிபதி ரூஸ்வெல்டின் அதிகாரத்தைப் பறிக்கப் பெருஞ்செல்வர் சிலர் சதி செய்கின்றனரெனவும், ஐந்து இலட்சம் பழைய வீரருக்குத் தலைமை தாங்கத் தம்மை அணுகினரெனவும் காங்கிரஸ் விசாரணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பெயர் சொல்லப்பட்டோர் மறுத்தனர். பத்திரிகைகள் பல நகைத்தன. எனினும் அத்தகைய முயற்சி பற்றிய பேச்சுகள் நடந்தன என்றே குழுவின் அறிக்கை கூறிற்று. எவரும் வழக்கிற்கு இழுக்கப்படவில்லை.

1935 இல் யுத்தம் என்பது இலாபத்திற்கான மோசடி என்று வாதிக்கும் சிறுநூலை அவர் வெளியிட்டார். அதே ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிலே, முப்பத்துமூன்று ஆண்டு சேவையில் தாம் வங்கிகளுக்கும் வர்த்தகக் கம்பனிகளுக்குமே ஊழியஞ் செய்ததாக ஒப்புக்கொண்டு, ஹெயிட்டி, கியூபா, மெக்சிக்கோ, நிக்கராகுவா என நாடு நாடாகக் கணக்குக் காட்டினார். பதக்கங்கள் பெற்ற அதே இடங்கள்!

1940 யூன் 21 ஆந் திகதி, பிலடெல்பியாக் கடற்படை வைத்தியசாலையில், ஐம்பத்தெட்டாவது வயதில் பட்லர் காலமானார். பிறந்த ஊரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். யப்பானின் ஒக்கினாவாத் தீவிலுள்ள மரீன் படைத்தளத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.