குடியை விட்ட பிறகு வந்த இருட்டு

"குடியை மட்டும் விட்டுட்டா போதும், மத்ததெல்லாம் தானா சரியாயிடும்." இதைச் சொல்லாத அம்மாவோ அக்காவோ நம் வீடுகளில் குறைவு. சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ., அமைப்பைத் தொடங்கிய பில் வில்சனின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவர் குடியை விட்ட கதை பலருக்குத் தெரியும். விட்ட பிறகு என்ன ஆனது என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை.

பில் 1895-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். முதல் உலகப்போர் சமயத்தில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது குடிக்கத் தொடங்கினார். பிறகு நியூயார்க் பங்குச்சந்தையில் நன்றாகச் சம்பாதித்தார், நன்றாகவே குடித்தார். 1929 சரிவில் பணம் போனது, குடி போகவில்லை. மனைவி லோயிஸ் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார் (எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா?). டவுன்ஸ் மருத்துவமனையில் நான்கு முறை சேர்த்தார்கள். இது வெறும் ஒழுக்கக்கேடு அல்ல, உடம்பையும் மனதையும் சேர்ந்தே பிடித்த நோய் என்று அங்கிருந்த டாக்டர் சில்க்வொர்த் சொன்னார். அந்தக் காலத்துக்கு அது பெரிய வார்த்தை. 1934 டிசம்பரில் நான்காம் முறை உள்ளே போன பில், அதன் பிறகு குடிக்கவே இல்லை.

ஐந்தே மாதத்தில் சோதனை வந்தது. 1935 மே மாதம் வேலை விஷயமாக ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் ஊற்றிக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம், மேஃப்ளவர் ஓட்டல் வரவேற்பறை. தெரியாத ஊர், பேச ஆளில்லை, கையில் காசும் அதிகமில்லை, பக்கத்திலேயே மதுக்கூடம். வேலைக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இந்தச் சனிக்கிழமையை விளக்க வேண்டியதில்லை.

பில் மதுக்கூடத்துக்குப் போகாமல் தொலைபேசியை எடுத்தார். அந்த ஊர் தேவாலயத்துக்காரர்களைக் கூப்பிட்டு, தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்! அப்படித்தான் மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்த டாக்டர், இரவு பதினொரு மணி தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். டாக்டருக்குப் புத்தி சொல்ல ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள்.

டாக்டர் பாப் நடுவில் ஒருமுறை சறுக்கினார். அவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. 1939-ல் பன்னிரண்டு படிகள் கொண்ட புத்தகம் வந்தது. 1941-ல் ஒரு பிரபல வார இதழில் கட்டுரை வெளியாக, சுமார் 2,000 பேர் இருந்த அமைப்பு அந்த ஆண்டு முடிவதற்குள் 8,000 பேரைத் தாண்டியது.

இங்கே 'சுபம்' போட்டுவிடலாம். ஆனால் 1944 வாக்கில், ஊரே கொண்டாடிய நேரத்தில், பில்லை மனச்சோர்வு பிடித்தது. சில நாட்கள் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. ஏறக்குறைய பதினோரு வருடம் இது விட்டுவிட்டு வந்தது. குடியைத் தொடாமலேதான் இத்தனையும். மனநல மருத்துவர் ஹாரி டிபோவிடம் சிகிச்சைக்குப் போனார். 'பன்னிரண்டு படி எழுதியவருக்கே டாக்டரா?' என்று சொந்த ஆட்களே முணுமுணுத்தார்கள். அவர் அதை மறைக்கவில்லை. பிறர் பாராட்டிலும் சூழ்நிலையிலும் தன் நிம்மதியை அடகு வைத்திருந்ததைப் பற்றி 1958-ல் ஏ.ஏ. பத்திரிகையிலேயே எழுதினார்.

இன்றைய மருத்துவம் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. மதுவே மனதைச் சோர்வாக்கும்; அப்படிப்பட்டவர்களுக்குக் குடி நின்ற சில வாரங்களில் தெளிவு வரும். வேறு சிலருக்கு மனச்சோர்வு தனி நோய். குடி போனாலும் அது இருக்கும், அதற்குத் தனியாக மருந்தோ ஆலோசனையோ வேண்டும். குடியை விட்டவர் மூலையில் உட்கார்ந்திருந்தால், 'இப்ப என்ன குறைச்சல் உனக்கு?' என்று கேட்காமல் டாக்டரிடம் கூட்டிப்போவது நல்லது. இன்னொன்று, பல வருடமாக நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 'சாமி முன்னாடி சத்தியம் பண்ணு' என்பதோடு மருத்துவரும் வேண்டும்.

ஏ.ஏ. உண்மையில் பலன் தருகிறதா? 27 ஆய்வுகளை அலசி 2020-ல் வந்த காக்ரேன் அறிக்கை, முழுதாகக் குடியை நிறுத்தி வைப்பதில் இந்த வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமம், சிலவற்றில் மேல் என்றது.

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957-ல் தில்லி வழியாக வந்தது. சென்னையில், கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்குத் தெரியும். அங்கே குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சைத் திட்டம் வைத்தார்கள். லோயிஸும் 1951-ல் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். குடிப்பவர் ஒருவர்தான், ஆனால் வீடு முழுவதும் நோயில் கிடக்கிறது என்பதை இரண்டு பெண்களும் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

ஊரில் என்றால் பெரியப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே அடுக்குமாடிக் கதவைச் சாத்தினால் யாருக்கும் தெரியாது. ஊருக்குப் போன் செய்யும்போது 'நல்லா இருக்கோம்' என்று சொல்லிவிடுவோம். அதனால் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள். மனநலத்துக்கு அரசின் டெலி-மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கு 14446. பில் அந்தச் சனிக்கிழமை செய்ததும் ஒரு போன்தான்.