ரைஹானாவுக்காக எழுதப்பட்ட வானநூல்

பேரண்டத்தைப் பற்றிப் பொதுவாசகருக்கு எழுதும் மரபு ஐரோப்பிய அச்சுக்கூடங்களோடு தோன்றியதென்று கருதுவோர் உளர். ஆனால் அச்சுக்கலை ஐரோப்பாவில் பரவுவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஹிஜ்ரி 420இல் (கி.பி. 1029), அபூ ரைஹான் அல்பிரூனீ அத்தகைய நூலொன்றைக் கஸ்னா நகரில் எழுதினார். ‘கிதாபுத் தஃப்ஹீம்’ எனச் சுருக்கமாக வழங்கும் அந்நூலை எழுதத் தூண்டியவர் ஒரு பெண்மணி. குவாரிஸ்மைச் சேர்ந்த அல்ஹஸனின் மகள் ரைஹானாவின் வேண்டுகோளுக்கு இணங்கியே இதனை எழுதியதாக முன்னுரை கூறுகிறது.

அல்பிரூனீ கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். 1017இல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றியபின் கஸ்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இந்தியாவைப் பற்றிய அவரது பெருநூல் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் தஃப்ஹீமும் எழுதப்பட்டது. ‘தஃப்ஹீம்’ என்பதற்கு விளங்கவைத்தல் என்று பொருள். குர்ஆன் விரிவுரையொன்றின் பெயரால் நம் வாசகர்க்கு இச்சொல் நன்கு அறிமுகமானதே.

நூல் 500க்கும் மேற்பட்ட வினாவிடைகளால் ஆனது. கோடு என்பது என்ன, பரப்பு என்பது என்ன என்னும் எளிய வினாக்களிலிருந்து வடிவியல் தொடங்குகிறது. அடுத்து எண்ணியல், பின்னர் வானமண்டல அமைப்பு, புவியியல், காலக்கணக்கு, ‘உஸ்துர்லாப்’ என்னும் விண்ணளவிக் கருவி ஆகியன வருகின்றன. சோதிடம் இறுதியில்தான் இடம்பெறுகிறது. முந்தைய கலைகளைக் கல்லாதவர் சோதிடர் எனப்படுவதற்குத் தகுதியற்றவர் என்பது ஆசிரியரின் கண்டிப்பு. அத்துடன் அவர் நிற்கவில்லை. மக்களிற் பெரும்பாலோர் சோதிடத்தைத் திட்பமான அறிவாகக் கொள்கின்றனர் என்றும், அதன்மீது தமக்குள்ள நம்பிக்கை மிகச் சிறிதே என்றும் அந்நூலிலேயே எழுதிவைத்தார். அரசவைகளில் சோதிடம் செல்வாக்குடன் விளங்கிய காலம் அது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த நேர்மையின் அருமை விளங்கும்.

பால்வீதியைப் பற்றிய விடையும் குறிப்பிடத்தக்கது. எண்ணற்ற சிறு விண்மீன்களின் தொகுதியே அது என்று அல்பிரூனீ விளக்கினார். தொலைநோக்கியின் துணையால் கலிலியோ அதனைக் கண்டு 1610இல் வெளியிட்டபோது ஏறத்தாழ 580 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நூல் அரபி, பாரசீகம் ஆகிய இரு மொழிகளிலும் கிடைக்கிறது. இரு வடிவங்களும் அவருடையனவே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. இதில் ஒரு வியப்பு உண்டு. அவரது தாய்மொழி குவாரிஸ்மி. அறிவியலுக்கு ஏற்ற மொழி அரபியே என்றும், பாரசீகம் மன்னர் கதைகளுக்கே பொருந்தும் என்றும் மருந்தியல் நூலான ‘கிதாபுஸ் ஸைதனா’வில் அவர் எழுதினார். எனினும் தஃப்ஹீமின் பாரசீக வடிவம், அம்மொழியின் தொடக்ககால அறிவியல் உரைநடைக்குச் சிறந்த சான்றாக இன்று போற்றப்படுகிறது. கற்பவர்க்கு விளங்கவேண்டும் என்னும் நோக்கம், ஆசிரியரின் மொழிவிருப்பையும் கடந்து நின்றிருக்கிறது.

பூமியை நடுவில் வைத்து அந்நூல் விவரித்த அண்ட அமைப்பை அறிவியல் எப்போதோ கடந்துவிட்டது. ஆயினும் தொடக்கநிலையில் உள்ளவரின் வினாவை எளிதென்று ஒதுக்காமல், தம் காலத்தின் முதன்மையான அறிஞர் ஒருவர் வரிசையாக விடையளித்த பண்பு பழமையடையவில்லை. அறிவியலைத் தம் மக்களின் மொழியில் எழுத முற்படும் எவர்க்கும் அது இன்றும் முன்மாதிரியாகும்.